9. பேரப்பிள்ளைகள் வரும் மாதம்: மக்ரோனி சீஸும் வீட்டு ஃப்ரீசரும்

ஓய்வுக்காலத்தைத் திருவண்ணாமலை ரமண நகரில் கழிக்க வந்தவர்கள் வீட்டில் வருஷத்துக்கு ஒருமுறையாவது இந்தச் சிக்கல் வரும். டிசம்பரிலோ ஜூன், ஜூலையிலோ டாலஸிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் பேரப்பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். முதல் இரண்டு நாள் இட்லியும் நெய்யும் ஓடும். மூன்றாம் நாள் இரவு ஆறு வயசுக் குழந்தை தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "பாட்டி, மேக் அண்ட் சீஸ் இல்லையா?" என்று கேட்கும். செங்கம் ரோட்டில் வெளிநாட்டினர் வந்துபோகும் கஃபேக்கள் இருக்கின்றன, பாஸ்தாவும் கிடைக்கும். ஆனால் பூண்டும் துளசியும் போட்டு ஒருவர் மெனக்கெட்டுச் செய்த பாஸ்தாவைக் குழந்தை ஒரு வாய்க்கு மேல் தொடாது. அது கேட்பது வேறு: அம்மா ஆபீஸிலிருந்து வந்ததும் ஃப்ரீசரிலிருந்து எடுத்து, மைக்ரோவேவில் ஐந்து நிமிஷம் வைத்துக் கொடுக்கும் மஞ்சள் மக்ரோனி.

அது என்ன என்பதை முதலில் தெரிந்துகொள்வோம். மக்ரோனியும் சீஸ் பொடியும் சேர்ந்த பெட்டியை க்ராஃப்ட் நிறுவனம் 1937-ல் சந்தைக்குக் கொண்டுவந்தது. கனடாவில் இன்றும் க்ராஃப்ட் டின்னர் என்றால் குழந்தைகளுக்குத் தெரியும். உறைய வைத்த வகை அதற்குப் பிறகு வந்தது. அதில் பெயர்பெற்றது ஸ்டஃபர்ஸ். இப்போது அமெரிக்க சூப்பர் மார்க்கெட்டுகளில் ஸ்டஃபர்ஸுக்குப் பக்கத்திலேயே கடையின் சொந்தப் பெயர் போட்ட டப்பாவும் விலை குறைவாக இருக்கும். வால்மார்ட் என்றால் கிரேட் வேல்யூ, ட்ரேடர் ஜோஸ் என்றால் அவர்களுடைய பெயரிலேயே. கடைக்குச் சொந்தமாகத் தொழிற்சாலை இருக்க வேண்டும் என்பதில்லை. வேறொரு உற்பத்தியாளரிடம் செய்து வாங்கித் தன் பெயரை ஒட்டிக்கொள்ளும். விளம்பரச் செலவு இல்லாததால் விலை குறைகிறது. சில நேரம் சீஸைக் குறைப்பதாலும் குறைகிறது. எதனால் குறைந்தது என்று கண்டுபிடிப்பதுதான் வாங்குகிறவரின் வேலை.

நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. 1905-ல் முத்துசாமி முதலியார் நீலகிரியில் பால்பண்ணையாகத் தொடங்கிய நீல்கிரிஸ், தன் பெயரிலேயே வெண்ணெயும் ரொட்டியும் விற்றே பெரிய கடையானது. இன்று டிமார்ட்டுக்கு ப்ரீமியா, ரிலையன்ஸுக்கு குட் லைஃப், பிக்பாஸ்கெட்டுக்கு பிபி ராயல். பருப்பு, ரவை, சர்க்கரை என்று நீங்களே இவற்றில் ஒன்றை வாங்கியிருப்பீர்கள்.

இங்கே தேடலாமா?

தேட வேண்டாம் என்பதே என் யோசனை. நம் ஊர்க் கடை ஃப்ரீசர்களில் பரோட்டா, பட்டாணி, ஸ்வீட் கார்ன், உருளைக்கிழங்கு ஃப்ரைஸ், சீஸ் நக்கெட்ஸ் ஆகியவைதான் ஓடும் சரக்கு. சாப்பாடாகவே உறைய வைத்த மக்ரோனி சீஸ் டப்பாவுக்குச் சென்னைக்கோ பெங்களூருக்கோ போக வேண்டிவரும். இரண்டும் ஏறக்குறைய 200 கிலோமீட்டர், நான்கைந்து மணி நேரப் பயணம். உறைந்த உணவு உற்பத்தி இடத்திலிருந்து உங்கள் வீடுவரை மைனஸ் 18 டிகிரியில் வந்து சேர வேண்டும். காரின் பின்சீட்டில் துணிப்பையில் வந்த டப்பாவைத் திரும்ப ஃப்ரீசரில் வைத்தால் அது பார்வைக்குத்தான் உறைந்த உணவு. மகளிடமும் சொல்லிவிடுங்கள்: அமெரிக்காவிலிருந்து ஐஸ் பையில் சுற்றி எடுத்துவருகிறேன் என்று ஆசைப்பட்டால், வேண்டாம் என்று.

இருந்தாலும் பக்கத்துக் கடை ஃப்ரீசரில் பாஸ்தா டப்பாவோ வேறு உறைந்த சாப்பாடோ கண்ணில் பட்டு, கடைப் பெயரில் மலிவாகவும் இருந்தால், வாங்கிப் பார்க்கலாம்தான். ஆனால் டப்பாவைப் பார்ப்பதற்கு முன்னால் அதே பெட்டியில் இருக்கும் பச்சைப் பட்டாணி பாக்கெட்டை எடுத்துக் குலுக்குங்கள். தொழிற்சாலையில் பட்டாணியை ஒவ்வொன்றாக உறைய வைக்கிறார்கள். ஃப்ரீசர் ஒழுங்காக ஓடியிருந்தால் பாக்கெட்டுக்குள் மணி மணியாக உருளும். ஒரே கட்டியாக இறுகிக் கிடந்தால், அந்தப் பெட்டி ஒருமுறையாவது இளகி மறுபடி உறைந்திருக்கிறது. பட்டாணிக்கு நேர்ந்தது பக்கத்தில் இருந்த சீஸுக்கும் நேர்ந்திருக்கும். கண்ணாடிமூடி ஃப்ரீசருக்குள் சரக்கு விளிம்பைத் தாண்டி அடுக்கியிருந்தாலும் மேல்வரிசையைத் தொடாதீர்கள், குளிர் அதற்கு எட்டாது.

டப்பாவில் பார்க்க வேண்டியது மூடியின் உட்புறம். தூள் ஐஸ் பனிபோல் படிந்திருந்தாலோ, குழம்பு ஒரு பக்கமாக ஓடி மூடியில் ஒட்டி உறைந்திருந்தாலோ, திரும்ப வையுங்கள். சில கடைகளில் மின்கட்டணத்தை மிச்சம்பிடிக்க இரவில் ஃப்ரீசரை அணைத்துவிடுவார்கள். "அண்ணே, ராத்திரி ஃப்ரீசரை ஆஃப் பண்றீங்களா?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். கடைப் பையன் முதலாளியைப் பார்த்தால் விடை கிடைத்துவிட்டது.

பௌர்ணமியன்றும் முந்தின நாளும் உறைந்த சரக்கு வாங்காதீர்கள். கிரிவலப் பாதையில் வண்டிகளைக் கட்டுப்படுத்துவார்கள், செங்கம் ரோடும் அதில் சேர்ந்ததுதான். கடையிலிருந்து வீட்டுக்குப் பத்து நிமிஷம் என்பது அன்றைக்கு ஒரு மணி நேரமாகும். கார்த்திகை தீபத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

அட்டையைப் படிப்பது

பொடி எழுத்துக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். உட்பொருள் பட்டியல் எடை அதிகமானதிலிருந்து குறைவானதுக்கு இறங்குவரிசையில் இருக்கும், அது சட்டம். மக்ரோனி சீஸ் டப்பாவில் முதல் இடத்தில் மக்ரோனியோ தண்ணீரோ பாலோ இருப்பது இயல்பு. சீஸ் எந்த இடத்தில் வருகிறது என்பதே கேள்வி. சீஸுக்கு முன்னாலேயே பாமாயிலும் மாவுச்சத்தும் வந்துவிட்டால், குழந்தை சாப்பிடப்போவது மஞ்சள் கஞ்சி. சீஸ் என்ற சொல்லே பட்டியலில் இல்லாமல் தாவரக் கொழுப்பும் 'சீஸ் ஃப்ளேவரும்' மட்டும் இருந்தால் பேச்சே வேண்டாம்.

தயாரித்தவர் யார், விற்பவர் யார் என்று இரண்டு முகவரிகள் இருக்கும். கடைப் பெயர் விற்பவர் இடத்தில்தான் வரும். தயாரித்தவர் பெயரைப் பாருங்கள், அதுதான் உங்களுக்கு வேண்டிய தகவல். பெயர்பெற்ற பிராண்டுக்குச் செய்து கொடுக்கும் அதே தொழிற்சாலையாகவும் இருக்கலாம். எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் 14 இலக்கம். ஒரு கிராமுக்கு என்ன விலை என்றும் இப்போது பாக்கெட்டிலேயே அச்சிடுகிறார்கள். மலிவு என்று தோன்றும் டப்பா சில நேரம் சின்ன டப்பாவாக மட்டுமே இருக்கும், அந்த எண் அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இந்தப் பகுதிக்கென்று ஒரு விஷயம் உண்டு. வாடகைக்கு விடுகிற பல வீட்டுக்காரர்கள் சைவம் மட்டும்தான் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள், பலருக்கு முட்டையும் ஆகாது. வெளிநாட்டு சீஸில் பாலைத் திரிக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட்டைச் சேர்ப்பதுண்டு. சில வகை பாஸ்தாவில் முட்டை இருக்கும். இந்தியாவில் விற்கும் பாக்கெட்டில் சதுரத்துக்குள் பச்சை வட்டம் இருந்தால் சைவம், பழுப்பு முக்கோணம் இருந்தால் அசைவம். இறக்குமதிச் சரக்கில் இந்த அடையாளத்தைத் தனி ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார்கள். விருந்தாளி பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுக்கும் சீஸில் அந்த ஸ்டிக்கர் இருக்காது. அதில் மைக்ரோபியல் ரென்னெட் என்றோ வெஜிடேரியன் என்றோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள்.

ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிற தாத்தாக்கள் சோடியம் வரியைப் படித்துவிட்டுப் பேரன் தட்டில் கை வைக்கலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் உப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம், சோடியமாகச் சொன்னால் 2,000 மில்லிகிராம். உறைந்த சாப்பாட்டு டப்பாக்கள் இதில் கணிசமான பங்கை ஒரே வேளையில் தீர்த்துவிடும்.

எதில் கடைப் பெயர், எதில் கூடாது

இனி வீட்டில் செய்வது. குழந்தை கேட்பது ஃப்ரீசர் மக்ரோனிதான் என்றால் அதை நாமே செய்து, நம் ஃப்ரீசரில் வைத்துக்கொள்ளலாம். கடை செய்வதும் அதைத்தானே.

உலர்ந்த மக்ரோனியைக் கடைப் பெயரில் தாராளமாக வாங்குங்கள். ஆனால் பாக்கெட்டின் பின்புறம் 'டூரம் கோதுமை ரவை' என்று இருக்க வேண்டும். மைதா கலந்ததும் சாதாரண ரவையில் செய்ததும் உப்புமாவுக்குச் சரி, உறைய வைத்து எடுத்தால் கூழாகிவிடும். பெயர்பெற்ற பிராண்டிலும் இதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். திண்டுக்கல் அனிலும் ஐதராபாத் பாம்பினோவும் சேமியாவால் நம் வீடுகளுக்குள் வந்தவை, அந்தப் பழக்கத்தில் மக்ரோனியையும் பின்புறம் திருப்பாமலேயே கூடையில் போட்டுவிடுகிறோம்.

சீஸில் மட்டும் சிக்கனம் வேண்டாம். சீஸ் ஸ்ப்ரெட் டப்பாவும் வேண்டாம், பீட்சாவுக்கென்று துருவி விற்கும் மலிவுக் கலவையும் வேண்டாம். ப்ராசஸ்டு சீஸ் கட்டிதான் வேண்டும். அமுல் என்றால் 25 கிராம் கட்டி எட்டு கொண்ட 200 கிராம் பெட்டி எங்கும் கிடைக்கும். உயர்ந்த செடார் சீஸ் இதைவிட நல்லது என்று நினைப்பவர்களுக்கு: இந்தப் பண்டத்தில் அப்படி இல்லை. நல்ல செடாரைச் சூட்டில் உருக்கினால் நெய் தனியாக, புரதம் தனியாகத் திரிந்து நிற்கும். ப்ராசஸ்டு சீஸில் ஏற்கெனவே சேர்த்திருக்கும் சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் கொழுப்பையும் தண்ணீரையும் பிரியவிடாமல் பிடித்துவைக்கும். பட்டியலில் 331, 339 போன்ற எண்களாக இருப்பவை அவைதான். உறைந்து இளகிய பிறகும் குழம்பு வழுவழுப்பாக இருப்பதற்கு அவை பெரிய உதவி.

நான்கு குழந்தைத் தட்டுக்கு அளவு: மக்ரோனி 200 கிராம், ஆவின் ஆரஞ்சு பால் அரை லிட்டர் பாக்கெட் ஒன்று, வெண்ணெய் 30 கிராம், மைதா தலைதட்டி இரண்டு மேஜைக்கரண்டி, சீஸ் கட்டி ஆறு. ஆரஞ்சு பாலில் கொழுப்பு 6 சதவீதம் என்பதால் தனியாகக் க்ரீம் தேவையில்லை.

மக்ரோனியை நிறையத் தண்ணீரில், பாக்கெட்டில் சொன்ன நேரத்துக்கு மூன்று நிமிஷம் முன்னாலேயே இறக்கி வடித்துவிடுங்கள். கடித்தால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வீட்டில் மறுபடி சூடாக்கும்போது மீதி வேகும். இந்த ஒரு விஷயத்தில் பாட்டிகள் பேச்சுக் கேட்க மாட்டார்கள், "வேகல, வயத்த வலிக்கும்" என்று இன்னொரு கொதி விடுவார்கள். அன்றே சாப்பிடுவதற்கு அது சரி, ஃப்ரீசருக்கு ஆகாது. வடித்ததும் குளிர்ந்த தண்ணீரை ஒருமுறை மேலே ஊற்றி வேகுவதை நிறுத்துங்கள்.

வாணலியில் வெண்ணெய் உருகியதும் மைதாவைப் போட்டு, நிறம் மாறாமல் பச்சை வாசனை போகும்வரை சின்னத் தீயில் கிளறுங்கள். பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரைத்து, கரண்டியின் பின்புறத்தில் மெல்லியதாகப் படியும் பதம் வந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். அணைத்த பிறகுதான் துருவிய சீஸ். கொதிக்கும்போது போட்டால் நூல் நூலாக இழுக்கும். உப்பு சேர்க்க வேண்டாம், சீஸில் இருப்பது போதும். அரைச் சிட்டிகை மஞ்சள்தூள் போடுங்கள். குழந்தைக்கு நிறம்தான் முதல் சாட்சி. இதைக் கலப்படம் என்று நினைக்க வேண்டாம். க்ராஃப்ட் நிறுவனமே செயற்கை நிறத்தை விட்டுவிட்டு, 2016 முதல் மிளகாய் வகையான பாப்ரிகா, அனாட்டோ விதை, மஞ்சள் ஆகியவற்றைத்தான் சேர்க்கிறது.

மக்ரோனியைக் கலந்ததும் குழம்பு அதிகமாக, தளரத் தளர இருக்கும். பயப்படாதீர்கள். ஃப்ரீசரில் இருக்கும் நாளிலும் சூடாக்கும் நேரத்திலும் மக்ரோனி அதைக் குடித்துவிடும்.

வீட்டு ஃப்ரீசரும் கரண்ட் கட்டும்

தொழிற்சாலையில் மைனஸ் 30, மைனஸ் 40 டிகிரிக் காற்றை வீசி வேகமாக உறைய வைக்கிறார்கள். வேகமாக உறைந்தால் ஐஸ் துகள் சிறியது, உணவின் இழை உடையாது. 1920-களில் அமெரிக்காவில் கிளாரன்ஸ் பேர்ட்ஸை என்பவர் தொழிலாக்கியது இந்த வேகத்தைத்தான். வீட்டு ஃப்ரீசரில் அந்த வேகம் வராது. நாம் செய்யக்கூடியது, ஆழமான டப்பாவை விட்டுவிட்டு, இரண்டு விரல் உயரத்துக்கு மேல் போகாத தட்டையான டப்பாக்களில், ஒரு வேளைக்கு ஒன்றாகப் போட்டு வைப்பது. சூடாக மூடி வைக்காதீர்கள். மின்விசிறிக்குக் கீழே ஆறவிட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் உள்ளே போய்விட வேண்டும். மூடியில் தேதி எழுதுங்கள்.

ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதற்குள் இருக்கும் சின்ன ஐஸ் பெட்டி பெரும்பாலும் மைனஸ் 18-ஐ எட்டாது. அதில் ஒரு வாரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். இரட்டைக் கதவில், குளிர் சரியாக இருந்தால், இரண்டு மாதம் தாங்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்குக் கரண்டை நிறுத்தினால் பிற்பகலோ மாலையோதான் வரும். அறிவிப்பு நாளிதழில் முன்கூட்டியே வந்துவிடும். அந்த நாளில் ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் இருந்தாலே போதும். காலியாகக் கிடக்கும் ஃப்ரீசர் சீக்கிரம் இளகும், தண்ணீர் பாட்டில் இரண்டை உறைய வைத்து இடத்தை நிரப்புங்கள். அறிவிக்காமல் போகிற கரண்டுக்கும் நீங்கள் வெளியூர் போகிற நாட்களுக்கும் ஒரு வழி: சின்ன டம்ளரில் தண்ணீரை உறைய வைத்து, அதன்மேல் ஒரு ரூபாய்க் காசை வைத்து ஃப்ரீசரில் விட்டுவிடுங்கள். திரும்பி வந்து பார்க்கும்போது காசு மேலேயே இருந்தால் சரி. அடியில் போய் உறைந்திருந்தால் உள்ளே இருந்ததெல்லாம் ஒருமுறை இளகிவிட்டது. பாலும் சீஸும் சேர்ந்த பண்டம், யோசிக்காமல் கொட்டிவிடுங்கள். அதிகாலையில் எழுந்து சமையற்கட்டில் காய் நறுக்கி, எதையும் வீணாக்க விடாத ரமணர் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதச் சங்கடமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் நான்கு டப்பாவுக்கு மேல் ஒரே சமயத்தில் செய்ய வேண்டாம் என்கிறேன்.

சூடாக்குவது

முந்தின இரவே டப்பாவை ஃப்ரீசரிலிருந்து கீழ்த்தட்டுக்கு மாற்றுங்கள். சமையல் மேடையில் வைத்து இளகவிடுவது இந்த வெயிலுக்கு ஆகாது. மைக்ரோவேவ் இருந்தால் இரண்டு கரண்டி பால் ஊற்றி, பாதியில் ஒருமுறை கிளறி, நடுவிலும் ஆவி பறக்கும்வரை சூடாக்குங்கள். அமெரிக்க டப்பாவின் மேலுள்ள நிமிஷக் கணக்கு பொதுவாக 1,100 வாட் அடுப்புக்கு எழுதியது, நம் வீட்டு அடுப்புகள் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. நேரத்தை நம்பாமல் நடுப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள்.

மைக்ரோவேவ் இல்லாத வீடுகளில் இட்லிப் பானையே போதும். எவர்சில்வர் டப்பாவில் மக்ரோனியைப் போட்டு, ஆவித் தண்ணீர் சொட்டாமல் மேலே ஒரு தட்டை மூடி, 15 நிமிஷம் ஆவியில் வையுங்கள். சொல்லப்போனால் மைக்ரோவேவைவிட இது நன்றாக வருகிறது, ஓரம் காய்ந்துபோவதில்லை. தண்ணீர் பிரிந்து திரிந்தாற்போல் தெரிந்தால் ஒரு சீஸ் கட்டியைத் துருவிப் போட்டுக் கிளறுங்கள், சேர்ந்துகொள்ளும். ரஸ்க்கைப் பொடித்து வெண்ணெயில் பொன்னிறமாக வறுத்து மேலே தூவினால் பெரியவர்களும் சாப்பிடுவார்கள். குழந்தைக்குத் தூவ வேண்டாம், "இது என்ன மேலே?" என்று தொடங்கிவிடும்.

சூடாக்கியதில் மீந்ததைத் திரும்ப ஃப்ரீசரில் வைக்காதீர்கள். குழந்தை வருவதற்கு முந்தின வாரமே ஒரு டப்பா செய்து, உறைய வைத்து, எடுத்துச் சூடாக்கிப் பார்த்துவிடுங்கள். உங்கள் ஃப்ரீசர் எப்படி, உங்கள் கடை மக்ரோனி எப்படி என்று அதில் தெரிந்துவிடும்.